பூச்சியத்தைத் தொடும் நாள்

ஒரு மலை சரியப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. கண்ணால் பார்ப்பதை 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று நிறுத்திவிட்டது. வெளிநாட்டு உதவியில் வந்த மென்பொருள் மலையைத் திரையில் முப்பரிமாணத்தில் சுற்றிக் காட்ட வேண்டும். சரியக்கூடிய இடத்தைச் சிவப்பாகவும் மற்றதைப் பச்சையாகவும் தீட்ட வேண்டும். அதன் பிறகுதான் அந்த மலை சட்டப்படி ஆபத்தானது. அதுவரை அது வெறும் மலை.

அலுவலகத்தின் பெயர் மலைச்சாய்வு மதிப்பீட்டுப் பணியகம். கண்டியில், பேராதனை வீதியோரத்துப் பழைய மாடிக் கட்டடம். நான் அங்கே தற்காலிக வரைபட உதவியாளர். புசல்லாவைத் தோட்டம் ஒன்றிலிருந்து கம்பசுக்கு வந்து புவியியல் படித்தவள். வீட்டில் யாருக்கும் புவியியல் என்றால் என்னவென்று தெரியாது. மண்ணைப் பற்றிய படிப்பு என்று சொன்னபோது, "அதுக்கா மூணு வருஷம்?" என்று அப்பா கேட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவருடைய கேள்வி நியாயமாகப்பட்டது.

2008 மார்ச்சில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவிலிருந்து மனு வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான இரண்டு லயங்கள், இருபத்துநான்கு குடும்பங்கள். லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நிலம் வெடித்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். மனுவை எழுதிய கறுப்பையா என்னை மேலே கூட்டிப் போனார். வெடிப்புக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. திரும்பி வந்து கையால் படம் வரைந்து சிவப்புப் பென்சிலால் தீட்டினேன். தோட்டக் கம்பனி ஒரே வரியில் பதில் போட்டது: பணியகத்தின் கணினி வரைபடம் சிவப்பு என்று காட்டினால் மாற்றுக் காணி தருவோம்.

விபரங்களைக் கணினிக்குள் போட்டேன். மென்பொருள் முப்பது சதவீதம் ஓடியது. மலையின் அடிவாரம் தெரிந்தது, ஓடை தெரிந்தது, லயம் வருவதற்குள் திரை கறுத்துப்போனது. ஆறு தடவை போட்டேன், ஆறு தடவையும் கறுத்தது. காரணம் கிராபிக்ஸ் கார்ட். படத்தைத் திரைக்கு அனுப்பும் அந்தத் தகடு ஏழு வருஷம் பழையது. கொழும்பு வீதியில் கணினிக் கடை வைத்திருக்கும் தாஸிம் நானாவிடம், அதாவது தாஸிம் அண்ணனிடம், விலை கேட்டேன். மென்பொருளுக்குப் போதுமான கார்ட், பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. ஒரு பக்கத்தில் கோரிக்கை எழுதிக் கொடுத்தேன். அது நான் செய்த முதல் பிழை.

கோரிக்கையைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்தார்கள். வரைகலை அட்டையைத் தரமுயர்த்தும் காலத்தைத் தீர்மானிக்கும் குழு. ஒன்பது உறுப்பினர்கள். ஏழு பேருக்குக் கணினி இல்லை. எட்டாவது ஆளிடம் இருந்தது. அழுக்குப் படும் என்று உறையைக் கழற்றியதில்லை. ஒன்பதாவது ஆள் பணிப்பாளர். அவர் எங்கள் எல்லோரையும் 'நங்கி', 'மல்லி' என்று தங்கை தம்பியாக்கித்தான் பேசுவார். அவர் பேசியது சிங்களத்தில். கூட்டக்குறிப்பில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"நங்கி, அரசாங்கப் பணம் பொதுமக்களின் பணம். பொதுமக்களின் பணத்தைப் பொதுமக்களுக்காகச் செலவழிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று யோசித்தீர்களா?"

நான் யோசித்திருக்கவில்லை. அதையும் குறிப்பில் எழுதினார்கள்.

முதல் சிக்கலைக் கிளப்பியவர் கணக்காளர் நவரட்ணராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. பழையது பழுதென்று கழிக்கப்படாமல் புதியது வாங்க முடியாது.

"பிள்ளை, வேலை செய்யிற சாமானைக் கழிக்கேலாது. அது வேலை செய்யேல்லை எண்டு உம்மால நிரூபிக்கேலுமோ?"

"திரை கறுக்குது, சேர்."

"கறுக்கிறதும் ஒரு நிறந்தானே."

குழு பரிசோதனைக்கு வந்தது. ஒன்பது பேரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். பணிப்பாளர் என் கதிரையில் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கணினியில் செய்தார். சீட்டு விளையாட்டைத் திறந்து மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றாவதில் வென்றார். சீட்டுகள் திரையெங்கும் துள்ளி விழுந்தன. கை தட்டினார்கள்.

"படம் நன்றாகத் தெரிகிறது. ஆட்டின் சீட்டைக்கூடப் பாருங்கள், சிவப்பாகவே இருக்கிறது. இந்தக் கார்ட் சிவப்பைக் காட்டாது என்று நங்கி எழுதியது பிழை" என்றார்.

பழைய கார்ட் நல்ல நிலையில் உள்ளதாக ஒன்பது பேரும் கையொப்பமிட்டார்கள். நானும் இட வேண்டியிருந்தது, சாட்சியாக.

கறுப்பையா ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவார். இரண்டு பஸ் மாறி, வெள்ளை வேட்டி கட்டி, குடையை வாசலில் சாத்திவிட்டு வந்து நிற்பார். காவலாளி வருகையாளர் படிவத்தைக் கொடுப்பான். அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது, நான்தான் நிரப்புவேன்.

"மிஸ், இந்த வாரம் முழங்கை வரைக்கும் போவுது. அந்தச் சாமான் வந்துருச்சா?"

"இன்னும் இல்லைங்க. கூட்டம் வச்சிருக்காங்க."

"வைக்கட்டும், வைக்கட்டும். பெரிய ஆளுங்க கூடிப் பேசுறாங்கன்னா சும்மாவா இருக்கும்?"

அந்த மனிதருக்கு எங்கள் அலுவலகத்தின் மேல் அவ்வளவு மரியாதை. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் அளவைக் கூட்டத்தில் சொன்னேன். முழங்கை என்பது அங்கீகரிக்கப்பட்ட அலகல்ல என்று பதில் வந்தது.

யூனில்தான் பெரிய கண்டுபிடிப்பு நடந்தது. தாஸிம் நானாவிடம் மாதாமாதம் விலைக்கூறு வாங்கச் சொல்லியிருந்தார்கள். ஏப்ரலில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு, மேயில் பதினேழாயிரத்து எழுநூறு, யூனில் பதினாறாயிரத்துத் தொளாயிரம். அரிசியும் மண்ணெண்ணெயும் பஸ் கட்டணமும் கூரைக்கு மேலே ஏறிய அந்த வருஷத்தில், இந்த நாட்டில் விலை இறங்கிக்கொண்டிருந்த ஒரே சாமான் அதுதான். நவரட்ணராஜா வரைபுத்தாளில் மூன்று புள்ளி வைத்தார். அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினார். கோடு தாளைக் கடந்து போனது. இன்னொரு தாளை ஒட்டித் தொடர்ந்து கீறினார். 2010 மார்ச்சில் கோடு பூச்சியத்தைத் தொட்டது.



பிறகு பணிப்பாளர் எழுந்து நின்று பேசினார். "இன்று வாங்குகிறவன் அரசுக்கு எண்ணூறு ரூபா நட்டம் ஏற்படுத்துகிறான். அடுத்த மாதம் வாங்குகிறவன் அதற்கடுத்த மாதத்தோடு பார்த்தால் எண்ணூறு ரூபா நட்டம் ஏற்படுத்துகிறான். யோசித்துப் பாருங்கள், நட்டமே ஏற்படுத்தாத அதிகாரி யார்? வாங்காதவன். முப்பத்தொரு வருஷச் சேவையில் நான் எதையும் வாங்கியதில்லை. அதனால்தான் இந்தக் கதிரையில் இருக்கிறேன்."

கார்ட் பூச்சியத்தைத் தொடும் நாளில் வாங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அந்த நாளைக் கண்காணிக்க உபகுழு ஒன்றும் அமைந்தது.

கடையில் இதைச் சொன்னேன். தாஸிம் நானா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பூச்சியத்துக்கு எறங்கினா எனக்கும் சொல்லுங்கொ தங்கச்சி, நானும் வந்து ரெண்டு எடுக்கியேன். வெல எறங்கியது எதுக்கு? பழசாகப் போறதால. இன்னும் ரெண்டு மாசத்துல இந்த மொடல் வராது. புதுசு வரும், இருபத்தோராயிரத்துக்கு. அதுவும் எறங்கும். அதுக்குள்ள இன்னொண்டு வரும். நிண்டு பார்த்துக்கொண்டு ஈக்கியவனுக்கு ஒருநாளும் கார்ட் கெடைக்காது."

"அப்ப எப்ப வாங்கோணும் நானா?"

"வேல நிண்டா வாங்கோணும். வேற என்னத்த பார்க்கியது? ஒங்கட வேல நிண்டு மூணு மாசம்." உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். "இத கொண்டு போங்கொ. பூட்டி, அந்த மலைய சுத்திப் பார்த்து, படத்த எடுத்துக்கொண்டு திருப்பித் தாங்கொ. காசு வாணாம். லயத்துல புள்ளையள் ஈக்கே."

நான் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மார்ச்சிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் சோதனைச் சாவடி வரை, ஏறக்குறைய முந்நூறு மீற்றர் தூரம், நீடித்தது.

கிராபிக்ஸ் கார்ட் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் தொடர்பில்லை. அந்தப் பெட்டியின் மேல் அரைகுறையாக இரும்புக் கவசம் போட்ட ஒரு பெண் நெருப்புக்கு நடுவே நின்றாள். கையில் அவளைவிட நீளமான துவக்கு. பொலிஸ்காரர் அவளைப் பார்த்தார். என் அடையாள அட்டையைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"யார் இது?"

"தெரியாது, சேர். கணினிச் சாமான்."

"தெரியாத பெண்ணின் படத்தை ஏன் பையில் கொண்டுபோகிறாய்? இவள் எந்த ஊர்?"

பெட்டியின் அடியில் இருந்ததை வாசித்தேன். "தாய்வான்."

எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், தாய்வானிலும் புலிகளுக்குக் கிளை இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். அவர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

ஆறு மணித்தியாலம் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணை முதலில் எப்போது சந்தித்தேன் என்று கேட்டார்கள். அவளுடைய துவக்கு எந்த வகை என்று கேட்டார்கள். அந்த உடுப்போடு ஹேவாஹெட்டக் குளிரில் யாரும் நிற்க முடியாது என்று நான் சொன்னதையும் வாக்குமூலத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். கடைசியில் பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் என்னைக் காப்பாற்றினார். "எங்களிடம் வேலை செய்கிறவள்தான்; ஆனால் எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியாது" என்றாராம். என்னை விட்டார்கள். பெட்டியை விசாரணைக்காகக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அடுத்த நாள் ஊழியர் கூட்டம். பணிப்பாளர் மிகவும் அன்பாகப் பேசினார்.

"இந்தப் பணியகத்தில் இனபேதம் இல்லை. தமிழ் உத்தியோகத்தர் என்பதற்காக யாரையும் நாங்கள் சந்தேகிப்பதில்லை. ஆகவே இனிமேல் தமிழ் உத்தியோகத்தர்கள் உள்ளே தெரியாத பொதி எதையும் கொண்டுவரக் கூடாது. அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான்."

தமிழ் உத்தியோகத்தர்கள் நாங்கள் இரண்டு பேர். நவரட்ணராஜா மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை உள்ளே தெரிகிற பொலித்தீன் பையில் கொண்டுவந்தார். அவர் வீட்டு முருங்கைக்காய்க் கறியை எல்லா மாடிக்காரரும் பார்த்தார்கள்.

நான் தாஸிம் நானாவிடம் போய் நின்றேன். அவர் அதற்குள் கேள்விப்பட்டிருந்தார்.

"பொட்டிய வெச்சிக்கொண்டானுவள். ஒங்கள உட்டானுவள்தானே? அல்ஹம்துலில்லாஹ். போங்கொ, போய்ச் சாப்பிடுங்கொ."

ஓகஸ்டில் அந்த மொடல் சந்தைக்கு வராமல் நின்றது. புதியது இருபத்தோராயிரம். கோடு முறிந்து மேலே ஏறியது. விலை ஏறும் காலத்தில் வாங்குவது புத்தியல்ல என்று குழு தீர்மானித்தது. இறங்கும் காலத்தில் வாங்குவதும் புத்தியல்ல என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். இரண்டு தீர்மானங்களையும் ஒரே கோப்பில் வைத்தார்கள்.

செப்டெம்பரில் கறுப்பையா அளக்கக் கையை விட்டுவிட்டுக் காலைப் பயன்படுத்தத் தொடங்கினார். "முழங்கால் வரைக்கும் எறங்குது, மிஸ். தொரைக்கிட்ட சொன்னா கண்டி ஆபீஸ் படம் வரட்டும்ங்கிறாரு." பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுங்கள் என்று சொன்னேன். போனார்களாம். படம் இல்லாமல் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட முடியாது என்று திருப்பி அனுப்பினார்களாம். ஒக்டோபரில் தொடை என்றார். அந்த மாதக் கூட்டத்துக்குப் பணிப்பாளர் தடிமனும் தும்மலும் காரணமாக வரவில்லை.

நவம்பர் இரண்டாம் கிழமை, நான்கு நாள் மழைக்குப் பிறகு, விடியும் நேரத்தில் மலை கீழே வந்தது. மேல் லயம் முழுவதும் போனது. ஒன்பது பேர் செத்தார்கள்; மற்றவர்கள் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். கறுப்பையா வெடிப்பைப் பார்க்க மேலே ஏறியிருந்தார்; மேலே நின்றதால் தப்பினார். அவர் காலடியிலிருந்துதான் எல்லாம் போனது. அவருடைய மனைவியும் மருமகளும் அதில் போனார்கள்.

பணிப்பாளர் தொலைக்காட்சியில் பேசினார். "இது இயற்கையின் செயல். எங்கள் பணியகம் இந்த இடத்தைக் கடந்த மார்ச் மாதத்திலிருந்து மிக உன்னிப்பாக அவதானித்து வந்தது." அதில் பொய் ஒன்றும் இல்லை.

அமைச்சர் ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குத் திரையில் மலையைச் சுற்றிக் காட்ட வேண்டும். காலை ஒன்பதரைக்குச் சொன்னார்கள். பத்தேகாலுக்குக் கார்ட் என் மேசையில் இருந்தது. ஜீப்பில் போய்த் தாஸிம் நானாவின் கடையில் கடனுக்கு எடுத்து வந்தார்கள். விலைக்கூறு இல்லை, குழு இல்லை. இந்தப் பெட்டியிலும் ஒரு பெண் துவக்கோடு நின்றாள். சோதனைச் சாவடியில் ஜீப்புக்குச் சலியூட் அடித்தார்களாம்.

பூட்டினேன். புதிய அளவுகளைப் போட்டேன். நூறு சதவீதம் ஓடியது. அடிவாரம், ஓடை, லயம் இருந்த இடம், மேலே மலை, எல்லாம் அழகாகச் சுற்றின. முழுவதும் பச்சை.

சரிய வேண்டியது சரிந்து, சாய்வு குறைந்துவிட்டது. மென்பொருளுக்குச் சாய்வு மட்டும்தான் தெரியும்.

"பச்சை!" என்றார் பணிப்பாளர். அவருடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "எட்டு மாத உழைப்பு. நங்கி, அச்சடித்துக் கையொப்பமிடுங்கள். கீழ் லயத்து ஆட்களைத் திருப்பி அனுப்பலாம். பள்ளிக்கூடத்தைப் பரீட்சைக்குத் திறக்க வேண்டுமே."

கீழ் லயத்துப் பன்னிரண்டு குடும்பங்களும் மிஞ்சியவர்களும் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஒன்பது பேர் செத்த பிறகு அதன் கதவு படம் இல்லாமலே திறந்திருந்தது.

திங்கட்கிழமை கறுப்பையா வந்தார். அதே வேட்டி, துவைத்திருந்தது. படிவத்தை வாங்கி வந்து என்னிடம் நீட்டினார். வந்த காரணம் என்ற இடத்தில் பேனையை வைத்தேன். அவரே சொன்னார்.

"மேல இன்னொரு வெடிப்பு விட்டுருக்கு மிஸ், போன இடத்துக்கு மேல. கை போவுது. எழுதிக்குங்க." பிறகு திரையைப் பார்த்தார். "இதுவா அந்தச் சாமான் காட்டுறது? எங்க எடமா? பச்சைன்னா என்னாங்க?"

சொன்னேன்.

"அப்ப அதுல எங்களைப் போயி இருக்கச் சொல்லுவாங்க."

"நான் கையெழுத்துப் போட்டாத்தாங்க."

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நான் போடவில்லை. வரைபடம் தயாரித்தவரின் கையொப்பம் இல்லாமல் படம் வெளியே போகாது. இரண்டாம் நாள் நவரட்ணராஜா என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, பெரியாக்களோட கொழுவாதையும். நீர் கையெழுத்து வைச்சாத்தான் கார்ட் சரியா வேலை செய்யுதெண்டு பதியலாம். பதிஞ்சாத்தான் அந்தக் கடைக்காரனுக்குக் காசு போகும். ஏற்கெனவே உம்மால ஒண்டு பறிகுடுத்தவன்."

"வெடிப்பு இருக்கு, சேர். ஆட்கள் சாவாங்க."

"எழுவத்தேழுக் கலவரத்திலயும் எண்பத்திமூண்டுக் கலவரத்திலயும் நான் இதே கண்டியிலதான் இருந்தனான். வீடு எரிஞ்ச அடுத்த கிழமை வேலைக்கு வந்தனான். ஆர் எரிச்சதெண்டு எழுதித் தரச் சொன்னவை. எழுதேல்லை. எதிலயும் முந்திக் கையெழுத்து வைக்கேல்லை. அதாலதான் இண்டைக்கும் உயிரோட நிக்கிறன்." போகத் திரும்பியவர் நின்றார். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார்: "காசு குடுபடாத சாமான் சட்டப்படி கடைக்காரன்ர. அவன் கேட்டால் திருப்பிக் குடுக்கத்தான் வேணும். மறிக்கிறதுக்கு எங்களிட்ட ஒரு பத்திரமும் இல்லை."

மத்தியானம் தாஸிம் நானாவின் கடைக்குப் போனேன். நான் முழுவதும் சொல்லி முடிக்கவில்லை. அவர் விலைப்பட்டியல் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி, கடை முத்திரை குத்தினார். பணம் கிடைக்காதபடியால் பொருளைத் திருப்பித் தரவும்.

"காசு கெடக்கட்டும். அந்தப் படத்துல மட்டும் கை வெச்சிடாதீங்கொ, தங்கச்சி."

கடிதத்தை நவரட்ணராஜாவின் மேசையில் வைத்தேன். 'பார்த்தேன்' என்று மூலையில் சிறிய எழுத்தில் எழுதினார். கையொப்பம் வைக்கவில்லை. நான் கணினியைத் திறந்து, ஒரு திருகாணியைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்து, உள்ளே தெரிகிற பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, வாசல் வழியாகவே நடந்து போனேன். யாரும் மறிக்கவில்லை. திரும்பி வந்து பழைய கார்டைப் பூட்டினேன். முப்பது சதவீதத்தில் திரை கறுத்தது.

நான் அச்சடிக்கவும் இல்லை, சேமிக்கவும் இல்லை; பச்சைப் படம் இல்லை. ஆகவே மலை பாதுகாப்பானது என்று யாரும் சொல்ல முடியாது. சிவப்புப் படமும் இல்லை. ஆகவே காணி தரவும் முடியாது. தீர்மானம் வரும்வரை ஆட்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் என்று மாவட்டச் செயலகமான கச்சேரி எழுதியது. பரீட்சை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறியது. மழைமேகம் மூட்டமாகத் திரண்ட டிசெம்பரில் குழு மறுபடி கூடியது. புதிய கார்டை எப்போது வாங்குவது?

பணிப்பாளர் முதல் தடவையாக உடனே வாங்க விரும்பினார். அமைச்சருக்குப் படம் பிடித்திருந்ததாம். மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"சேர், அவசரப்படக் கூடாது. ஜனவரியில் புது மொடல் வருகிறது. இப்போது வாங்கினால் அரசுக்கு நட்டம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நவரட்ணராஜா தலையைக் குனிந்து வரைபுத்தாளை எடுத்தார். பணிப்பாளரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"இந்த நங்கிக்கு இப்போதுதான் நிர்வாகம் விளங்கியிருக்கிறது" என்றார். "பொறுப்பு வந்திருக்கிறது."

அடுத்த மாதம் என் நியமனத்தை நிரந்தரமாக்கிக் கடிதம் தந்தார்கள்.